ஓட்டியவனும் ஒட்டுகிறவனும்

இரண்டாம் உலகப்போரில் ஜெயித்தது யார்?

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடப் பள்ளிக்கூடப் பையன் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் என்று சரியாக ஒப்பித்துவிடுவான். ஆனால் டோக்கியோவிலோ லண்டனிலோ ஒரு பெரிய ஹாபி கடைக்குள் போய், டாங்கி மாடல்கள் அடுக்கிய அலமாரி முன்னால் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகமே வராது. ஜெர்மனிதான்! பான்ஸர் ஒன்றிலிருந்து நான்கு வரை, பாந்தர், டைகர், கிங் டைகர், அதற்கும் மேலே யாக்ட்டைகர் என்று அட்டைப்பெட்டிகள் கூரையைத் தொடும். ஜெயித்தவர்களின் டாங்கிகள் பக்கத்தில் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருக்கும்.

மாடல் என்றால் சாவி கொடுத்தால் ஓடுகிற பொம்மை அல்ல. பொம்மை என்று சொல்லிவிட்டால் இந்த ஆசாமிகளுக்குக் கோபம் வரும். பெட்டியைத் திறந்தால் ஜன்னல் கம்பி மாதிரி பிளாஸ்டிக் சட்டங்கள். அவற்றில் சக்கரம், கொக்கி, கைப்பிடி, கோடரி என்று துண்டு துண்டாக உதிரி பாகங்கள் தொங்கும். சில கிட்டுகளில் ஆயிரத்துக்கும் மேல். வெட்டி எடுத்து, உப்புத்தாளில் தேய்த்து, பசை போட்டு ஒட்டி, பெயின்ட் அடித்து, அப்புறம் 'ரொம்பப் புதுசாக இருக்கிறதே' என்று கவலைப்பட்டு அதன்மேல் துருவும் சேறும் புழுதியும் வரைந்து... ஒரே ஒரு டாங்கிக்கு ஆறு மாதம் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. வீட்டில் இருப்பவர்கள் பாவம், சகித்துக்கொள்கிறார்கள்.

சரி, அலமாரிக் கணக்கை விடுங்கள். நிஜக் கணக்கைப் பார்ப்போம்.

போர் முடிவதற்குள் ரஷ்யா செய்து தள்ளிய டி-34 டாங்கிகள் 50,000-க்கும் மேல். அமெரிக்காவின் ஷெர்மன் கிட்டத்தட்ட 50,000. ஜெர்மனியின் புகழ்பெற்ற டைகர் எத்தனை தெரியுமா? சுமார் 1,350. கிங் டைகர் 500-ஐக்கூடத் தொடவில்லை. யாக்ட்டைகர் நூறு தேறாது. நார்மண்டியில் இறங்கிய பிரிட்டிஷ், அமெரிக்கச் சிப்பாய்கள் எந்த ஜெர்மன் டாங்கியைப் பார்த்தாலும் "ஐயோ, டைகர்!" என்று அலறினார்களே, அதில் பல சாதாரண பான்ஸர் நான்கு. அப்படி ஒரு பேர்!

போர்க்களத்தில் அபூர்வமாக இருந்தது அலமாரியில் கும்பலாக நிற்கிறது. கும்பலாக வந்து போரை முடித்துவைத்தது ஓரத்தில் நிற்கிறது. எப்படி இப்படித் தலைகீழாயிற்று? இந்த மாடல்காரர்கள் எல்லோரும் ஹிட்லர் ரசிகர்களா?

சிலர் உண்டு. மறைப்பதற்கில்லை. ஆனால் மற்றவர்கள் எல்லாம் பேங்க் குமாஸ்தா, பல் டாக்டர், ரிடையரான இன்ஜினீயர். ஹிட்லர் பெயரை எடுத்தாலே முகம் சுளிக்கிற ரகம். ஆகவே காரணத்தை அரசியலில் தேடினால் கிடைக்காது. ஜெர்மனியில் தேடினாலும் முழுசாகக் கிடைக்காது. முதலில் ஜப்பானுக்குப் போகவேண்டும்.

ஷிஸுவோகா என்று ஒரு ஊர். 1946-ல் அங்கே யோஷியோ டாமியா என்பவர் மரம் அறுத்து விற்கும் தொழில் ஆரம்பித்தார். மிஞ்சிய கட்டையில் கப்பல், விமானம் என்று மர மாடல்கள் செய்து விற்க, அதுவே பிழைப்பானது. ஐம்பதுகளின் கடைசியில் வெளிநாட்டு பிளாஸ்டிக் மாடல்கள் வந்து இறங்கின. மர மாடலைச் சீந்த ஆளில்லை. டாமியாவும் பிளாஸ்டிக்குக்கு மாறினார். 1960-ல் முதல் வெளியீடு, யமாட்டோ போர்க்கப்பல். ஜப்பானியர்களுக்கு யமாட்டோ என்றால் உயிர். ஆனால் போட்டிக் கம்பெனி அதே கப்பலை அதைவிட மலிவாகக் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டது. பலத்த அடி.

அடுத்து என்ன செய்வது? மகன் ஷுன்சாகு டாமியா டாங்கிக்கு வந்தார். ஜெர்மன் பாந்தர். 1961-62 வாக்கில் வெளிவந்தது. வயிற்றுக்குள் குட்டி மோட்டார். பேட்டரி போட்டால் தரையில் ஓடும். பெட்டியின்மேல் படம் வரைந்தவர் ஷிகேரு கொமாட்சுஸாகி. சிறுவர் பத்திரிகைகளில் அவர் போடும் படங்களுக்காகவே பையன்கள் காத்துக்கிடந்த காலம் அது. பாந்தர் பிய்த்துக்கொண்டு போயிற்று.

அது நிஜ டாங்கியில் எத்தனையில் ஒரு பங்கு என்று யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. மோட்டாரும் இரண்டு நடுத்தர சைஸ் பேட்டரியும் உள்ளே அடங்கவேண்டும், அவ்வளவுதான் யோசனை. பின்னால் அடுத்த டாங்கி செய்யலாம் என்று முடிவானபோதுதான் ஷுன்சாகு தன் பாந்தரை அளந்து பார்த்தார். நிஜத்தில் ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒரு பங்கு வந்தது. சரி, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். இன்றைக்கு ஹாங்காங், சீனா, இத்தாலி, உக்ரைன் என்று எந்த நாட்டுக் கம்பெனி டாங்கி மாடல் போட்டாலும் பெரும்பாலும் முப்பத்தைந்தில் ஒன்றுதான். அரை மில்லிமீட்டர் பிசகுக்காக ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டுக்கொள்ளும் ஒரு உலகத்துக்கு அளவுகோல் கொடுத்தது ஒரு ஜெர்மன் டாங்கியின் வயிறும் இரண்டு பேட்டரியும்!

ஏன் ஜப்பான் டாங்கியையே செய்யவில்லை? கப்பல், விமானம் என்றால் அவர்களிடம் சொந்தச் சரக்கு இருந்தது. தரையில் கிடையாது. ஜப்பானிய டாங்கிகள் சின்னவை, தகரம் மாதிரி மெலிந்தவை. பையன் கண்ணில் பிரமிப்பு வராது. தவிர, அப்பாக்கள் தோற்றுத் திரும்பி, வீட்டில் அதைப்பற்றிப் பேசாமல் உட்கார்ந்திருந்த நேரம். அடுத்த வீட்டுத் தோல்வியோடு விளையாடுவது சுலபம். இது என் ஊகம்தான். ஆனால் ரொம்பத் தப்பாக இருக்காது என்று நினைக்கிறேன்.

ஷுன்சாகு லேசுப்பட்ட ஆள் இல்லை. 1966-ல் அமெரிக்காவின் அபர்தீன் ராணுவ மியூசியத்துக்கே போய்விட்டார். போரில் பிடிபட்ட ஜெர்மன் டாங்கிகள் அங்கே வெட்டவெளியில் வரிசையாக நின்றிருந்தன. கேமராவும் கையுமாக ஒவ்வொரு போல்ட்டையும் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார். (பிற்பாடு ஒரு போர்ஷ் காரை மாடலாக்குவதற்காக, நிஜ போர்ஷ் 911 ஒன்றை விலைக்கு வாங்கி அக்கக்காகக் கழற்றிப் பார்த்தவர் இவர்!) 1968-ல் டாமியா 'மிலிட்டரி மினியேச்சர்' என்று ஒரு வரிசை தொடங்கியது. அதன் முதல் எண் ஜெர்மன் டாங்கி வீரர்கள். பிள்ளையார் சுழியே ஜெர்மனி. 2025 ஜூலையில் ஷுன்சாகு தொண்ணூறாவது வயதில் காலமானார்.

ஆனால் ஒரு ஜப்பானியக் கம்பெனி மட்டும் நினைத்தால் உலகத்தின் ரசனையை மாற்றிவிட முடியாது. அந்த வண்டிகளிடமே ஏதோ இருக்கிறது. என்ன அது?

டைகரின் சக்கரங்களைப் பாருங்கள். சாதாரண டாங்கியில் வரிசையாக ஐந்தாறு சக்கரம் இருக்கும், முடிந்தது. டைகரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, வெற்றிலை அடுக்கினாற்போல, பக்கத்துக்கு 24 சக்கரத் தட்டுகள். 57 டன் எடையைச் சீராகப் பரப்ப ஜெர்மன் இன்ஜினீயர்கள் கண்டுபிடித்த உபாயம். பார்க்க அழகு. நடைமுறையில்? உள்வரிசையில் ஒரு சக்கரம் பழுதானால் வெளிவரிசைச் சக்கரங்களை எல்லாம் கழற்றவேண்டும். ரஷ்யக் குளிரில் சேறு நடுவில் புகுந்து ராத்திரியோடு ராத்திரியாக உறைந்து, காலையில் வண்டி நகராது. ரயிலில் ஏற்றவேண்டுமென்றால் அகலம் இடிக்கும். வெளிச் சக்கரங்களைக் கழற்றி, அகலமான சங்கிலிப்பட்டையை உருவி, குறுகிய பட்டையை மாட்டவேண்டும். இறங்கும் இடத்தில் மறுபடி எல்லாவற்றையும் மாற்றவேண்டும்.

ஓட்டியவனுக்கு நரகம். ஒட்டுகிறவனுக்குச் சொர்க்கம்!

பாந்தரும் இதே கதைதான். 1943 ஜூலையில் குர்ஸ்க் சண்டைக்கு 200 பாந்தர்கள் முதல் தடவையாகப் போயின. சில, எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே என்ஜினில் தீப்பிடித்து எரிந்தன. ஐந்தே நாளில், ஜூலை 10-ம் தேதி மாலை, முன்வரிசையில் சண்டைக்குத் தயாராக நின்றவை பத்து என்று ஜெர்மன் டாங்கிப் படைகளின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் குடேரியனே அறிக்கை எழுதினார். போர் முடிந்து, கைப்பற்றிய பாந்தர்களை பிரெஞ்சு ராணுவம் கொஞ்ச காலம் ஓட்டிப் பார்த்தது. என்ஜின் சக்தியைப் பட்டைக்குக் கொண்டுபோகும் கடைசிப் பற்சக்கர அமைப்பு சராசரியாக 150 கிலோமீட்டர்தான் தாங்கியது. சென்னையிலிருந்து கிளம்பினால் விழுப்புரத்தை நெருங்கலாம். திரும்ப முடியாது.

அதே சமயம் ரஷ்யாக்காரன் என்ன செய்தான்? ஒரே டாங்கி. ஒரே பச்சை பெயின்ட். வெல்டிங் கோணலா? பரவாயில்லை, அனுப்பு. போரை ஜெயிக்க அதுதான் வழி. ஆனால் மாடல் கம்பெனிக்கு அதில் என்ன வியாபாரம் இருக்கிறது? ஜெர்மனியில் ஒரு டைகரைக்கூட நிம்மதியாக விடவில்லை. தயாரித்துக்கொண்டே மாற்றினார்கள். கமாண்டர் தலை நீட்டும் மூடி 1943 நடுவில் மாறியது. ரப்பர் பஞ்சத்தால் 1944-ல் சக்கரம் இரும்புக்கு மாறியது. ஆகவே 'ஆரம்ப டைகர்', 'நடுக்கால டைகர்', 'பிற்கால டைகர்' என்று ஒரே வண்டியை நாலு பெட்டியில் விற்கலாம். மாடல்காரர் நாலையும் வாங்குவார். நான்காவதில் ஒரு மூடி தப்பாக இருக்கிறது என்று புகாரும் எழுதுவார்.

பெயின்ட் விஷயம் இன்னும் ருசி. 1943 பிப்ரவரியில் ஓர் உத்தரவு வந்தது. எல்லா வண்டிக்கும் அடிப்படை நிறம் அடர் மஞ்சள். அதன்மேல் செம்பழுப்பும் ஆலிவ் பச்சையும் களத்திலேயே அடித்துக்கொள்ள வேண்டியது. டப்பாவில் குழம்பு மாதிரி பெயின்ட் வரும். தண்ணீரோ பெட்ரோலோ கலந்து, ஸ்பிரே கன் இருந்தால் அதில், இல்லாவிட்டால் பிரஷ்ஷிலோ துடைப்பத்திலோ அடித்தார்கள். எத்தனை வண்டியோ அத்தனை டிசைன். ஏர்பிரஷ் வைத்திருக்கும் ஒரு மனிதனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எப்படி அடித்தாலும் 'இப்படி ஒரு வண்டி இருந்திருக்கலாம்' என்று சாதிக்கலாம். ஷெர்மனை அப்படி அடித்தால் சிரிப்பார்கள்.

ஸிம்மரிட் என்று ஒன்று உண்டு. டாங்கியின் உடம்பில் காந்தக் கண்ணிவெடியை ஒட்டவைத்து வெடிக்க ஜெர்மானியர்கள் ஒரு ஆயுதம் செய்திருந்தார்கள். எதிரியும் அதே மாதிரி செய்துவிட்டால்? காந்தம் ஒட்டாமலிருக்க, 1943 கடைசியிலிருந்து டாங்கிகள்மேல் ஒரு சாந்து பூசினார்கள். மரத்தூள், மண் நிறப் பொடி, பேரியம் சல்ஃபேட், அதோடு நம் தச்சர்கள் பயன்படுத்துகிற வெள்ளைப் பசையின் அதே சரக்கு. ஈரமாக இருக்கும்போது சீப்பு மாதிரி ஒன்றால் வரிவரியாக இழுத்துவிட்டார்கள். எதிரிகளோ காந்த வெடியைப் பெரிதாகக் கண்டுகொள்ளவே இல்லை. சாந்து தீப்பிடிக்கிறது என்று வேறு வதந்தி. 1944 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள். கிட்டத்தட்ட தன் ஆயுதத்துக்குத் தானே பயந்து, ஒரு வருஷம் பூசிய பூச்சு! இன்றைக்கு அந்த வரிகளைப் புட்டியில் அச்சு அசலாக இழுப்பது மாடல்காரர்களிடையே ஒரு பெரிய வித்தை. அதற்கென்று தனிக் கருவிகூட விற்கிறார்கள்.

நிஜ வண்டிகளைச் சரிபார்க்க ஆதாரம் வேண்டுமே? அதுவும் கொட்டிக் கிடக்கிறது. இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

ஜெர்மன் ராணுவத்தோடு பிரசாரக் கம்பெனிகள் என்று தனிப்படைகள் போயின. உறுப்பினர்கள் போட்டோகிராபர்கள், சினிமாக்காரர்கள், நிருபர்கள். நல்ல கேமரா, நல்ல ஃபிலிம், பயிற்சி பெற்ற கண்கள். அவர்கள் எடுத்த படங்களை அச்சிட 1940-லிருந்து 'சிக்னல்' என்ற பத்திரிகை வந்தது. பளபள தாள், கலர் பக்கங்கள், இருபதுக்கும் மேற்பட்ட மொழிகள். உச்சத்தில் 25 லட்சம் பிரதிகள். தரையோடு தரையாகப் படுத்து, டாங்கி நம்மேல் ஏறி வருவதுபோல் எடுத்திருப்பார்கள். தூசி, சூரியன், கறுப்பு யூனிபாரம், சிரிக்கும் இளைஞன். அந்தப் படங்கள்தான் போருக்குப் பிறகு புத்தகங்களிலும், பெட்டி அட்டைகளிலும், நம் மண்டையிலும் குடியேறின. 2008 டிசம்பரில் ஜெர்மன் அரசு ஆவணக் காப்பகம் விக்கிமீடியாவுக்கு 80,000-க்கும் மேற்பட்ட படங்களைக் கொடுத்தது. அவற்றில் இந்தப் பிரசாரப் படங்கள் ஏராளம். கோயபல்ஸ் செத்து அறுபது வருஷம் கழித்தும் அவருடைய ஆட்கள் வைத்த கோணத்தில்தான் நாம் அந்த வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கோணத்தில் விழாத ஒன்றைச் சொல்கிறேன். குதிரை! 1941 ஜூனில் ஹிட்லர் ரஷ்யாமேல் பாய்ந்தபோது அவரிடம் இருந்த டாங்கிகள் மூவாயிரத்துச் சொச்சம். குதிரைகள் ஆறு லட்சத்துக்கும் மேல். பீரங்கியை, சோற்றுப் பானையை, வெடிமருந்தை இழுத்துக்கொண்டு, சேற்றில் சாகச் சாகப் போன படை அது. பெரும்பாலான ஜெர்மன் சிப்பாய்கள் மாஸ்கோ திசையில் நடந்துதான் போனார்கள். மின்னல் வேக இயந்திரப் படை என்பது, படத்துக்குள் நிற்கவைக்கப்பட்ட சிறுபான்மை.

போட்டோவுக்குப் பிறகு பேனா. போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவத்துக்கு ரஷ்யாவோடு எப்படிச் சண்டை போடுவது என்று தெரிந்துகொள்ள ஆசை. சண்டை போட்டவர்களையே கேட்போமே! கைதியாக இருந்த நூற்றுக்கணக்கான ஜெர்மன் அதிகாரிகளை உட்காரவைத்து எழுதச் சொன்னார்கள். மேற்பார்வை, ஹிட்லரின் முன்னாள் தலைமைத் தளபதி ஹால்டர். 1961-ல் அவருக்கு அமெரிக்க அரசு பதக்கமே கொடுத்தது. குடேரியன், மான்ஸ்டைன் ஆகியோரின் சுயசரிதைகள் ஆங்கிலத்தில் சக்கைப்போடு போட்டன. எல்லாவற்றிலும் ஒரே ராகம்: நாங்கள் சுத்தமான தொழில்முறைச் சிப்பாய்கள், டாங்கி அற்புதம், வியூகம் அற்புதம், ஹிட்லர் குறுக்கிட்டதால் தோற்றோம், படுகொலையா, அது எஸ்.எஸ். ஆட்கள் வேலை. ஹிட்லர் குடேரியனுக்குப் போலந்தில் ஒரு பெரிய பண்ணை எஸ்டேட்டையே பரிசாகக் கொடுத்திருந்தார். ஒரு போலந்துக்காரரிடமிருந்து பறித்த நிலம்.

தோற்ற வீரன்மேல் நமக்கு ஒரு இரக்கம் வந்துவிடும். கர்ணனுக்காகக் கண் கலங்காத தமிழர் உண்டா? ஆனால் கர்ணனின் கதையைக் கர்ணன் எழுதவில்லை. இங்கே தோற்றவர்களே எழுதிக்கொண்டார்கள், ஜெயித்தவர் செலவில்.

அந்தக் கதை ஜெர்மனியிலேயே பொதுமக்கள் மத்தியில் உடைய 1995 ஆகவேண்டியிருந்தது. ஹாம்பர்க் சமூக ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கண்காட்சி வைத்தது. எஸ்.எஸ். அல்லாத சாதாரண ராணுவம் கிழக்கே செய்த கொலைகளின் படங்களும் ஆவணங்களும். ஊர் ஊராகப் போயிற்று. எதிர்த்து ஊர்வலம் நடந்தது. சில படங்களுக்குத் தலைப்பு தவறு என்று தெரிந்து, நிறுத்தித் திருத்தி, 2001-ல் மறுபடி திறந்தார்கள். அடிப்படை உண்மை மாறவில்லை. 2008-ல் ரொனால்ட் ஸ்மெல்சர், எட்வர்ட் டேவிஸ் என்ற இரண்டு அமெரிக்கச் சரித்திரப் பேராசிரியர்கள் இந்த மாயை எப்படி ராணுவத்திலிருந்து வாசகர்களுக்கும் போர் விளையாட்டுப் பிரியர்களுக்கும் இறங்கியது என்று தனிப் புத்தகமே எழுதினார்கள்.

மாடல்காரர் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். "நான் ஒட்டுவது இரும்பு சார், சித்தாந்தம் இல்லை!"

அவர் வசதிக்கு ஒரு விஷயம் துணை செய்கிறது. ஸ்வஸ்திகா சின்னத்தைப் பகிரங்கமாகக் காட்டுவது ஜெர்மனியில் குற்றம். அதனால் விமான மாடல்களில் வால் சின்னம் ஒரு தலைவலி. சில கம்பெனிகள் அந்த ஸ்டிக்கரையே விட்டுவிடும். சில, இரண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கும், வேண்டியவர் சேர்த்துக்கொள்ளட்டும் என்று. டாங்கியில் அந்தப் பிரச்னை பெரும்பாலும் இல்லை. ஜெர்மன் டாங்கியின் அடையாளம் வெறும் கறுப்பு வெள்ளைச் சிலுவை. அதற்குத் தடை கிடையாது. ஆகவே டாங்கி, பார்ப்பதற்கு, கட்சி சார்பற்ற இயந்திரம்போல் நிற்கும்.

ஆனால் இரும்பு மட்டும் என்றால் பெட்டிமேல் ஆள் பெயர் எதற்கு? மைக்கேல் விட்மன் என்ற எஸ்.எஸ். டாங்கி கமாண்டர் பெயரைப் போட்டே டைகர் கிட்டுகள் வந்திருக்கின்றன. 1944 ஜூன் 13-ம் தேதி வில்லெர் போகாஜ் என்ற பிரெஞ்சு ஊரில் பிரிட்டிஷ் வாகன வரிசையை நாசம் செய்தவர். கோயபல்ஸின் பிரசாரத்துக்கு சினிமா ஸ்டார். அந்த வருஷம் ஆகஸ்டிலேயே செத்துப்போனார். அவர் வளர்ந்த லைப்ஸ்டாண்டார்ட்டே டிவிஷன் ஹிட்லரின் மெய்க்காப்புப் படையாகத் தொடங்கியது. 1944 டிசம்பரில் மால்மடி அருகே சரணடைந்த 84 அமெரிக்கர்களைச் சுட்டுக் கொன்றது அதன் ஒரு பிரிவு. விட்மன் ஓட்டிய டைகரின் எண் என்ன, எந்த இடத்தில் கீறல் இருந்தது என்றெல்லாம் மாடல் உலகத்தில் கட்டுரை கட்டுரையாக உண்டு. இரண்டாவது விவரத்தை எழுதியவர்கள் குறைவு.

இந்த மயக்கம் சாதாரண ஆட்களைத்தான் பிடிக்கும் என்று நினைக்காதீர்கள். ஹயாவோ மியாசாகியைத் தெரிந்திருக்கும். ஜப்பானின் அனிமேஷன் மேதை. 'ஸ்பிரிட்டட் அவே' படத்துக்கு 2003-ல் ஆஸ்கர் கிடைத்தபோது, ஈராக்மேல் குண்டு போடும் நாட்டுக்குப் போக இஷ்டமில்லை என்று விழாவுக்கே போகாதவர். அவருக்கு ஜெர்மன் டாங்கி என்றால் கொள்ளைப் பிரியம்! 1998-99-ல் ஒரு மாடல் பத்திரிகையில், ஓட்டோ காரியுஸ் என்ற டைகர் கமாண்டரின் நினைவுகளை வைத்து ஒரு சித்திரக்கதை வரைந்தார். ஜெர்மனிக்குப் போய்க் காரியுஸை நேரில் பார்த்துப் பேசினார். கதையில் சிப்பாய்களைப் பன்றி முகத்தோடு வரைந்திருக்கிறார். நேசமும் கூச்சமும் சேர்ந்தால் அப்படித்தான் வரும் போலிருக்கிறது.

காரியுஸ் எஸ்.எஸ். ஆள் இல்லை. 150-க்கும் மேற்பட்ட டாங்கிகளை அழித்ததாக ஜெர்மன் கணக்கு. போருக்குப் பிறகு மருந்துக்கடை வைத்தார். கடைக்குப் பெயர் 'டைகர் பார்மஸி'! 2015-ல் தொண்ணூற்றிரண்டு வயதில் இறந்தார். போரின் கடைசியில் அவர் கையில் கொடுக்கப்பட்டது டைகர் அல்ல, யாக்ட்டைகர் கம்பெனி. எழுபது டன்னுக்கு மேல். 128 மில்லிமீட்டர் பீரங்கி. முன்பக்கத் தகடு 250 மில்லிமீட்டர். ஓடும்போது பீரங்கி ஆடி, குறி கலைந்துவிடும் என்று அதை ஒரு முட்டுக்கொடுத்துப் பூட்டிவைக்க வேண்டும். சுடவேண்டுமானால் ஒருவர் வெளியே இறங்கிப் பூட்டைக் கழற்றவேண்டும், எதிரி பார்த்துக்கொண்டிருக்க! காரியுஸே அந்த வண்டியைத் திட்டித் தீர்த்திருக்கிறார். 1945 ஏப்ரலில் ரூர் பகுதியில் அமெரிக்கர்களிடம் சரணடைந்தார்.

யாக்ட்டைகர்கள் எல்லாம் ஒரே இடத்தில் செய்யப்பட்டவை. ஆஸ்திரியாவில் செயின்ட் வாலன்டின் ஊரிலிருந்த நிபெலுங்கன் தொழிற்சாலை. முதலில் சில வண்டிகளுக்கு போர்ஷ் வடிவமைத்த சக்கர அமைப்பு, பிறகு ஹென்ஷல் கம்பெனியுடையது. இந்த மாற்றம் எந்த வண்டி எண்ணில் நடந்தது என்று மாடல்காரர்கள் தலைகீழாகச் சொல்வார்கள். இரண்டுக்கும் தனித்தனி கிட் உண்டு. இங்கிலாந்தின் பாவிங்டன் மியூசியத்தில் நிற்பது போர்ஷ் ரகம். தகடுகளைச் சேர்த்த வெல்டிங் கோடு அதில் பட்டை பட்டையாகத் தெரியும். அந்த வெல்டிங்கைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவருவதற்கு, புட்டியை நூல் மாதிரி உருட்டி இடுக்கில் வைத்து, பேனாக்கத்தி முனையால் பிறைப் பிறையாக அழுத்தவேண்டும். பொறுமைசாலிக்கு ஒரு வாரம் பிடிக்கும்.

அந்தத் தொழிற்சாலையில் வெளிநாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்ட கட்டாயத் தொழிலாளர்கள் ஆரம்பத்திலிருந்தே இருந்தார்கள். 1944 ஆகஸ்டில், ஏறத்தாழ அந்தச் சக்கர அமைப்பு மாறிய சமயத்தில், மவுத்தவுசன் வதைமுகாமின் ஒரு கிளை அங்கே திறக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள். வேலை, டாங்கி செய்வது. அக்டோபரில் அமெரிக்க விமானங்கள் அந்தத் தொழிற்சாலைமேல் குண்டு போட்டன.

அந்தக் கோடையில் ஜெர்மனி முழுவதும் இப்படி வேலை செய்த வெளிநாட்டவர் சுமார் 76 லட்சம் பேர். உயிரோடு மிஞ்சியவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க 2000-ல் ஜெர்மன் அரசும் கம்பெனிகளும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை வைத்தன. 2007-ல் பட்டுவாடா முடிந்தபோது 16 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு 440 கோடி யூரோ போய்ச் சேர்ந்திருந்தது. தலைக்கு சராசரியாக 2,650 யூரோ.